தாம்பரம் 1938: அரசியல் பிளவும் திருச்சபையின் அன்பும்

அரசியல் கருத்து வேறுபாடு திருச்சபைக்குள் நுழையும்போது ஆயர்களாகிய நாம் பொதுவாக இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம். ஒன்று, ஒரு பக்கத்தைச் சார்ந்து நின்று அதற்குத் திருமறையின் முத்திரையைப் பதிப்பது. மற்றொன்று, அரசியல் நமக்கு வேண்டாம் என்று வாய்மூடி, அம்மௌனத்தையே அன்பு என்று கருதிக்கொள்வது. முதல் வழியின் தீமை வெளிப்படையானது. இரண்டாவது வழியின் தீமை அத்துணை எளிதில் புலப்படுவதில்லை. இவ்விரண்டும் அல்லாத வேறு வழி உண்டா? நம் அண்டையிலேயே நிகழ்ந்த வரலாறு ஒன்றின் வெளிச்சத்தில் இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. போர்க்காலத்தில் கூடிய பேரவை

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது 1937-ஆம் ஆண்டில். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கி அப்போது ஆறாண்டுகளே ஆகியிருந்தன. அப்புதிய வளாகத்தில் 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை அகில உலக மிஷனெரி மன்றத்தின் பேரவை கூடியது. 69 நாடுகளிலிருந்தும் நிலப்பகுதிகளிலிருந்தும் 471 பேர் வந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய கண்டங்களின் இளைய திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். ஜான் மாட் தலைமை தாங்கினார். இந்திய தேசிய கிறிஸ்தவ மன்றத்தின் தலைவராயிருந்த தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா விருந்தோம்பும் திருச்சபையின் முதல்வராக நின்றார்.

இறையியல் மாணவர் தாம்பரம் என்ற பெயரைக் கேட்டவுடன் ஹென்ரிக் கிரேமரின் நூலையும், பிற சமயங்களைப் பற்றி எழுந்த விவாதத்தையும் நினைவுகூர்வர். அது தகுதியான நினைவே. ஆயினும் அப்பேரவை ஏன் தாம்பரத்தில் கூடிற்று என்று கேட்பவர் சிலரே. முதலில் அது சீனாவின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்தது. 1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின்மீது போர் தொடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஹாங்சௌ நகரும் ஜப்பானியர் வசமாயிற்று. எனவே பேரவை இந்தியாவிற்கு மாற்றப்பட்டது. அதாவது, அரசியல் பகைமையே இப்பேரவையைத் தாம்பரத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

சீனப் பிரதிநிதிகளுக்குத் தலைமை தாங்கியவர் வூ யீ-ஃபாங் அம்மையார். அவர் நான்கிங் நகரிலிருந்த கின்லிங் மகளிர் கல்லூரியின் முதல்வர். 1937 டிசம்பர் 13 அன்று அந்நகர் வீழ்ந்தது. அதன்பின் அங்கு நிகழ்ந்த படுகொலைகளையும் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும் உலகம் அறியும். கின்லிங் வளாகத்தில் மட்டும் ஏறத்தாழ 10,000 பெண்களும் குழந்தைகளும் அடைக்கலம் புகுந்தனர். தாம்பரம் பேரவையின் இரண்டாம் நாள், அந்த நாளின் முதலாண்டு நினைவு நாளாக அமைந்தது. அதே மண்டபத்தில் ஜப்பானியப் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் தொயொஹிகோ ககாவா. முந்திய மாதத்தில்தான் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டிருந்த ஜெர்மனியிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தனர். வெள்ளையரும் கருப்பரும் தனித்தனியே வாழ்ந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுதுலி வந்திருந்தார்.

இவர்கள் ஏறத்தாழ இரண்டரை வாரம் ஒரே வளாகத்தில் தங்கினர். கிறிஸ்து பிறப்பின் திருநாளையும் அங்கேயே கண்டனர். அவர்களுடைய ஜெபங்கள் போரை நிறுத்தவில்லை. போர் மேலும் ஏழாண்டுகள் நீடித்து, உலகப் போராக விரிந்தது. அப்படியாயின் தாம்பரம் தோல்வியா? அன்பின் அளவுகோல் உடனடி வெற்றி என்றால், தோல்வியே. ஆனால் பகைநாட்டாரோடு ஒரே பந்தியில் அமர மறுப்பதற்கு எல்லா நியாயமும் கொண்டிருந்தவர்கள் எழுந்து போகவில்லை என்பது எளிய காரியமன்று. ஆண்டவரின் பன்னிருவருள் ரோமைக்கு வரி தண்டிய மத்தேயுவும் இருந்தார். செலோத்தே எனப்பட்ட சீமோனும் இருந்தார். திருச்சபையின் பந்தி தொடக்கமுதலே அரசியலில் ஒத்த கருத்துடையோரின் பந்தியாக இருந்ததில்லை.

2. அன்பு தன் பக்கத்தாரிடம் உண்மை பேசுகிறது

ஒரே பந்தியில் அமர்வது தொடக்கம் மட்டுமே. ககாவா தம் நாட்டின் செயலுக்காகச் சீனரிடம் மன்னிப்புக் கோரியவர். பேரவை முடிந்தபின் 1939 ஜனவரியில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். தம்முடைய நிலையில் இருந்தால் காந்தி என்ன செய்வார் என்று வினவினார். உம்முடைய மாறுபட்ட கருத்தை உம் நாட்டாரிடமே வெளிப்படையாகக் கூறி, அதற்காகச் சுடப்படவும் ஆயத்தமாயிரும் என்ற பொருள்பட விடை கிடைத்தது. 1940-இல் ககாவா ஜப்பானியப் படைக் காவலரால் கைது செய்யப்பட்டார். வரலாற்றை முழுமையாகச் சொல்லவேண்டுமாயின், போரின் பிற்பகுதியில் அவர் அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசினார் என்பதையும் சொல்லவேண்டும். புனிதரும் தளர்வதுண்டு. லுதுலியோ, ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸை விட்டு விலக மறுத்ததால் 1952-இல் தம் குலத்தலைவர் பதவியை இழந்தார். 1960-ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

இவர்களிடம் நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. எதிர்ப்பக்கத்தாரின் பாவத்தை நம் பக்கத்தாரிடம் எடுத்துரைப்பது எளிது. அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். நம் பக்கத்தாரின் பாவத்தை நம் பக்கத்தாரிடமே சொல்வதுதான் தீர்க்கதரிசனப் பணி. ஆமோஸ் சுற்றியிருந்த நாடுகளின் குற்றங்களை வரிசையாகச் சொல்லி, இறுதியில் யூதாவிடமும் இஸ்ரவேலிடமும் வந்து நின்றார் என்பதை நாம் மறக்கலாகாது.

3. நம் வீட்டுக்குள் எழுந்த பூசல்

சீனமும் ஜப்பானும் நமக்குத் தொலைவில் உள்ளவை. ஆனால் பேராயர் அசரியாவின் காலத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களே ஓர் அரசியல் வினாவினால் பிளவுபட்டிருந்தனர். சட்டமன்றத்தில் கிறிஸ்தவருக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமா என்பதே அவ்வினா. தனி வாக்காளர் தொகுதி என்பது கிறிஸ்தவர் மட்டுமே வாக்களித்துக் கிறிஸ்தவ உறுப்பினரைத் தெரிந்துகொள்ளும் முறை. கூட்டு வாக்காளர் தொகுதியிலோ அனைவரும் சேர்ந்து வாக்களிப்பர்.

முதல் வட்டமேசை மாநாட்டில் பங்குகொண்ட சேலத்துக் கே. டி. பால் கூட்டுத் தொகுதியையே ஆதரித்தார். கிறிஸ்தவர் தேச வாழ்வின் நீரோட்டத்தில் கலந்து நிற்கவேண்டும் என்பது அவருடைய உறுதி. லண்டனிலிருந்து திரும்பிய சில மாதங்களில், 1931 ஏப்ரலில் அவர் காலமானார். தஞ்சையைச் சேர்ந்த கத்தோலிக்கரும் நீதிக் கட்சித் தலைவர்களுள் ஒருவருமாகிய ஏ. டி. பன்னீர்செல்வம் இதற்கு மாறான கருத்துடையவர். சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினர் பாதுகாப்பின்றிப் பொதுத் தேர்தலில் வெல்லவியலாது என்பது அவர் வாதம். இரண்டாம் வட்டமேசை மாநாட்டின்போது, 1931 நவம்பரில், டாக்டர் அம்பேத்கர், ஆகா கான் முதலியோருடன் அவரும் சிறுபான்மையோர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். மற்றொரு கிறிஸ்தவப் பிரதிநிதியாகிய எஸ். கே. தத்தா அதனை ஏற்கவில்லை.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு கிறிஸ்தவருக்குத் தனி வாக்காளர் தொகுதியை வழங்கியது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 8 இந்தியக் கிறிஸ்தவருக்கு ஒதுக்கப்பட்டன. பேராயர் அசரியா இதை வெளிப்படையாக எதிர்த்தார். திருச்சபை தன் நலம் தேடும் அரசியல் வகுப்பாக மாறிவிடும். ஞானஸ்நானம் வாக்குகளைக் கூட்டும் கருவியாக எண்ணப்படும். நற்செய்தியின் மீதே ஐயம் விழும் என்று அவர் அஞ்சினார். தம் சமூகத்திற்குக் கிடைத்த சலுகையைத் தம் சமூகத்தாரிடமே மறுத்துப் பேசிய அவருடைய துணிவு போற்றுதற்குரியது.

ஈண்டு இருதரப்பாரையும் நியாயமாகக் காணவேண்டும். பன்னீர்செல்வம் நாற்காலிக்கு ஆசைப்பட்டார் என்பது எளிய பழி. அசரியா அரசியல் அறியாத சமயவாதி என்பதும் அவ்வாறே. முன்னவர் எளியோரின் பாதுகாப்பைக் கண்டார். பின்னவர் நற்செய்தியின் தூய்மையைக் கண்டார். எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைக்கக் கூடாதவர், அவரை இன்னும் அன்புகூரத் தொடங்கவில்லை.

விடுதலைக்குப் பின் வரலாறு அசரியாவின் பக்கம் சாய்ந்தது. தனி வாக்காளர் தொகுதி மறைந்தது. 1949 மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபை சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிட்டபோது, எச். சி. முகர்ஜி, இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா போன்ற கிறிஸ்தவ உறுப்பினர் அதனை மனமுவந்து ஏற்றனர். இந்தத் துறவு நம் வரலாற்றுப் பெருமைகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது.

ஆனால் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. துறந்தவர் யார்? அதன் விலையைச் செலுத்தியவர் யார்? 1950-இல் வெளியான பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கே உரியதாயிற்று. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது. கிறிஸ்தவ தலித்துகளுக்கு விரிக்கப்படவில்லை. 1949-இன் முடிவும் 1950-இன் ஆணையும் வேறு வேறானவை. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது எனச் சொல்வதற்கில்லை. ஆயினும் இரண்டும் சேரியில் வாழ்ந்த கிறிஸ்தவனின் வாழ்வைத் தொட்டன. இரண்டிலும் அவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தோர்ணக்கல் திருமண்டலத்தின் பெரும்பான்மையோர் மாலரும் மாதிகருமே. அவர்களுக்காகவே அசரியா உழைத்தார். அத்தகைய மேய்ப்பரின் காலத்திலும் பந்தியின் தலைமாட்டில் பேசியவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். தனக்குரியதைத் துறப்பது அன்பு. பிறனுக்குரியதை அவனைக் கேளாமல் துறப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

4. வேலிக்கு அப்பால் நிகழ்ந்தவை

தாம்பரம் பேரவை கூடிய அதே நாட்களில் சென்னை மாகாணம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ராஜாஜி அரசு 1938-இல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கியிருந்தது. டிசம்பரின் கடைசி நாட்களில் சென்னையில் கூடிய நீதிக் கட்சி மாநாடு, சிறையிலிருந்த பெரியார் ஈ. வெ. ராமசாமியைத் தலைவராகத் தெரிந்துகொண்டது. சில வாரங்களில் நடராசன், அடுத்துத் தாளமுத்து ஆகிய இளைஞர்கள் சிறைப்பட்ட நிலையில் உயிர்நீத்தனர். 1940 பிப்ரவரியில் கட்டாயம் நீக்கப்பட்டது. உலகப் பேரவைக்கும் இப்போராட்டக் களத்திற்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரமே. தொலைதேசத்துப் பிளவுக்காக ஜெபிப்பதைவிட, அடுத்த தெருவின் பிளவுக்குள் கால்வைப்பதே எப்போதும் கடினமானது.

இக்கட்டுரையாளரும் அதில் தவறியவரே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. அதன்பின் ஏரிக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் உள்ள குடியிருப்புகளை அகற்றவேண்டும் என்ற குரல் புறநகரெங்கும் வலுத்தது. அவர் பணியாற்றிய சபையில் இருதரப்பாரும் இருந்தனர். வெள்ளத்தில் உடைமைகளை இழந்த குடும்பங்கள் ஒருபுறம். கரையோரத்தில் வீடுகட்டி, எந்நாள் இடிப்பரோ என்று அஞ்சியிருந்த குடும்பங்கள் மறுபுறம். சபைக் குழுவில் சொற்கள் தடித்தன. சிலர் திருவிருந்துக்கு வருவதையே நிறுத்தினர். ஆயரோ அடுத்த ஞாயிறன்று சமாதானத்தைப் பற்றிப் பொதுவாக அருளுரை ஆற்றினார். ஆராதனை முடிந்தபின் கரையோரத்து மூதாட்டி ஒருவர் அவரிடம், “சமாதானம்னு சொன்னீங்க ஐயா. எங்க வீட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலியே” என்றார். ஆயரிடம் விடை இல்லை. தாம் அன்பு என்று எண்ணியது அச்சமே என்பதை அவர் அப்போது உணர்ந்தார். பின்னர் அவர் இருதரப்பு வீடுகளுக்கும் சென்றார். மற்றவர் வீட்டில் கேட்டதை ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொன்னார். கருத்து வேறுபாடு நீங்கவில்லை. ஆனால் விலகியவருள் சிலர் திருவிருந்துக்குத் திரும்பினர்.

5. ஆயர்க்குரிய கடமை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கடமைகள் புலனாகின்றன. முதலாவது, பந்தியைக் காத்தல். எந்தக் கட்சியைச் சார்ந்தவரும், எந்தக் கருத்துடையவரும், அக்காரணத்தால் மட்டும் திருவிருந்திலிருந்து அகல நேரிடலாகாது. இரண்டாவது, நம்மோடு உடன்படுவோரிடம் முதலில் உண்மை பேசுதல். மூன்றாவது, எந்த முடிவிலும் அதன் விலையைச் செலுத்துபவர் யாரென வினவி, அவர் பேசும்வரை காத்திருத்தல். முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டால் அன்பு மௌனமாகிவிடும். முதலாவதை விட்டு மற்றவற்றை மட்டும் பற்றிக்கொண்டால் திருச்சபை மற்றுமொரு கட்சியாகிவிடும்.

ரோமாபுரிச் சபையில் உணவைக் குறித்தும் நாட்களைக் குறித்தும் பூசல் எழுந்தபோது, பவுல் யார் சரி என்பதைத் தம் கருத்தாகக் கூறவே செய்தார். ஆயினும் வலியோர் பலவீனரின் சுமையைத் தாங்கவேண்டும் என்பதையே முடிவாக வைத்தார். தாம்பரத்து மரங்களின் கீழ் 1938-இல் எதிரிநாட்டார் உடன் நடந்தனர். அம்மரங்களின் நிழலுக்கு அருகிலேயே நம் சபைகள் இன்று கூடுகின்றன. வரும் ஞாயிறன்று நம் பந்தியில் எவருடைய இடம் வெறுமையாயிருக்கிறது என்று பார்த்து, அவர் வீட்டை நாடிச் செல்வதிலிருந்து நம் பணி தொடங்கட்டும்.