காவிரிக் கரைவழிகளும் மிதிவண்டிச் செலவும்

ஆற்றின் கரையைப் பற்றிச் செல்லுதல் தமிழகத்துச் செலவு முறைகளுள் தொன்மை வாய்ந்தது. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை, புகாரினின்று நீங்கிய கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகளோடு கூட்டிக் காவிரியின் வடகரை வழியே அரங்கம் வரையில் நடத்திச் சென்று, பின்னர் ஓடத்தில் ஏற்றித் தென்கரை சேர்க்கின்றது. நாளொன்றுக்கு ஒரு காதத்திற்கு மேல் அவர்கள் கடந்திலர் என்பது இளங்கோவடிகள் தரும் குறிப்பு. அத்துணை மெல்லச் சென்றமையால்தான் சோலையும் வயலும் மதகும் உழவர் பாட்டும் அக்காதையுள் இடம்பெற்றன. நிலத்தைக் காணுதற்குரிய விரைவு இன்னது என்பதனைக் காப்பியமே ஒருவாறு உணர்த்திவிடுகின்றது.

இன்று அவ்வழியே நடந்து ஆராய்வார் மிகச் சிலர். உந்து வண்டியிற் செல்வார்க்கோ நெடுஞ்சாலை மட்டுமே புலனாகும். வாய்க்காற்கரைகள் பல அதற்கு இடந்தருவன அல்ல. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது மிதிவண்டி. காவிரிப் படுகையின் வரலாற்றை ஆராய்வார்க்கு மிதிவண்டிச் செலவு எவ்வாற்றான் பயன்படும், அதன் எல்லை யாது என்னும் இரண்டும் ஈண்டு ஆராயப்பெறும்.

1. எல்லை நடந்த சான்று

சோழர் செப்பேடுகளின் எல்லைப் பகுதிகளை நாம் பெரும்பாலும் நூலகத்தில் அமர்ந்தே படிக்கின்றோம். ஆனால் அப்பகுதிகள் அமர்ந்து எழுதப்பட்டவை அல்ல. நடந்து கண்டு எழுதப்பட்டவை. லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடு இதற்குச் சிறந்த சான்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1006ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்தான். அவ்வூரின் எல்லையைப் பிடி சூழ வந்து, கல்லும் கள்ளியும் நட்டு வரையறுத்த செய்தி அச்செப்பேட்டில் விரிவாகக் கூறப்படுகின்றது. பெண்யானை முன்செல்ல, அதிகாரிகளும் ஊரவரும் வரப்பையும் வாய்க்காலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து சென்ற வரிசையே அவ்வெல்லைப் பகுதியின் சொல் வரிசையாகும்.

ஆகவே எல்லைப் பகுதி என்பது ஒருவகையிற் செலவுக் குறிப்பே. ஒரு வாய்க்காலுக்கு வடக்கு, ஒரு கரைக்குக் கிழக்கு என்று அது திசைமாறிச் செல்லும் முறையை, அந்நிலத்தில் நாமும் இயங்கினாலன்றித் தெளிவாக அறிதல் அரிது. பிரமதேய ஊர்களின் நில விவரங்களில் வரும் வதி, வாய்க்கால், கண்ணாறு, சதிரம் என்னும் சொற்களும் அத்தகையன. வதிக்குக் கிழக்கு அல்லது மேற்கு எனவும், வாய்க்காலுக்கு வடக்கு அல்லது தெற்கு எனவும் கூறப்படுதலின், வதி தென்வடலாகவும் வாய்க்கால் கீழ்மேலாகவும் சென்றன என்று கொள்ளுதல் பொருந்தும். இக்கட்டத்தை அகராதியைக் கொண்டு உணர்வதினும் வயல்வெளியில் நின்று உணர்வது எளிது.

2. கரையின் உயரமும் காட்சியும்

காவிரிப் படுகையில் ஆறுகள் பள்ளத்திற் செல்வன அல்ல. வண்டல் படிந்து படிந்து, ஆற்றின் இருமருங்கும் பக்கத்து வயல்களினும் மேடாக உயர்ந்துள்ளன. பாசன வாய்க்கால்கள் அம்மேட்டினின்று இறங்குகின்றன. வடிகால்கள் இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள தாழ்நிலத்தைப் பற்றிச் செல்கின்றன. எனவே ஆற்றங்கரையிற் செல்வான் ஒருபுறம் நீரையும் மறுபுறம் அந்நீர் உண்ணும் நிலத்தையும் ஒருங்கே காண்கின்றான். நிலத்தின் சரிவு மிகச் சிறிதாதலின் மிதிப்பதிலும் களைப்புத் தோன்றாது. பழைய ஊர்கள் மேட்டைப் பற்றி நிற்பதும், பள்ளத்தில் வயல் விரிந்து கிடப்பதும் தொடர்ந்து சில மணி நேரம் சென்றால் தாமே விளங்கும்.

ஊர்ப்பெயர்களும் இதற்குத் துணைசெய்கின்றன. தேவாரத்துள் அரிசிற்கரைப்புத்தூர், கடுவாய்க்கரைப்புத்தூர் என இரண்டு புத்தூர்கள் உள்ளன. முன்னது இன்று அழகாபுத்தூர் எனவும், பின்னது ஆண்டான்கோயில் எனவும் வழங்குகின்றன. அரிசில் இன்றைய அரசலாறு. கடுவாய் இன்றைய குடமுருட்டி. ஒரே பெயருடைய இரண்டு ஊர்களை வேறுபடுத்த வேண்டியபோது மக்கள் நாட்டுப் பெயரையோ அரசன் பெயரையோ கொள்ளாது கரையின் பெயரைக் கொண்டனர். கும்பகோணத்தை நடுவாகக் கொண்டு இரண்டு கரைகளையும் மிதிவண்டியிற் கண்டுவந்தால், இவ்வழக்கின் பொருத்தம் நன்கு புலனாகின்றது. அவ்வூரார்க்குக் கரையே முகவரியாக இருந்தது.

3. கரைவழிகளும் மிதிவண்டியும்

இக்கரைவழிகள் செலவினர்க்காக அமைந்தன அல்ல. கரையைக் காத்தற்கும், மதகைத் திறந்து மூடுதற்கும், உடைப்பை அடைத்தற்கும் அமைந்தவை. முன்னர்ப் பொதுப்பணித்துறையின் கீழும் இப்பொழுது நீர்வளத்துறையின் கீழும் உள்ள லஸ்கர்கள் என்னும் பணியாளர் கரைகளைக் கண்காணித்து மதகுகளை இயக்கிவருவோர் ஆவர்.

இரு சக்கரங்களும் ஒத்த அளவினவாய்ச் சங்கிலியால் இயங்கும் பாதுகாப்பு மிதிவண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் வெளியிட்டார். 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கர உறையைக் கண்டார். இவ்விரண்டும் கூடியபின்னரே மண்வழிகளில் மிதிவண்டி எளிதாக இயங்கலாயிற்று. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியமை, தமிழகத்து ஊர்ப்புறங்களில் இவ்வண்டி பரவுதற்குத் துணையாயிற்று. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தின் வழியே ஊர்ப்புற மகளிர் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கண்ணகியைப் போலத் துணையொடு நடந்த பெண்டிர், தாமே தம் வழியை மேற்கொண்ட மாற்றத்தை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. செலவின் வரலாற்றை எழுதுவோர் இதனை விடுதல் தகாது.

4. பழைய ஆறும் புதிய ஆறும்

மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்றது. அத்திட்டத்தோடு இணைந்து எழுந்தது கல்லணைக் கால்வாய். மக்கள் இதனைப் புதாறு என்பர். கல்லணையில் நின்று காவிரி, வெண்ணாறு, புதாறு என்னும் மூன்றன் கரைகளையும் அடுத்தடுத்த நாட்களில் பற்றிச் செல்வார்க்கு ஒரு வேறுபாடு தோன்றும். காவிரிக் கரையில் பாடல்பெற்ற தலங்கள் நெருங்கித் தொடர்கின்றன. புதாற்றுக் கரையில் அத்தகைய தொடர்ச்சி இல்லை. அது படுகையின் தென்புறத்து உயர்நிலத்தை ஊடறுத்து, இயற்கைக் காட்டாறுகளைக் கட்டடங்களின் துணையாற் கடந்து செல்வது. ஒன்றன் கரையில் நீரை ஒட்டி ஊர்கள் வளர்ந்தன. மற்றொன்றிலோ முன்னரே இருந்த ஊர்களை நாடி நீர் சென்றது. ஒரே அணையிற் பிரியும் நீரிடை இத்துணைக் கால வேற்றுமை உண்டு.

5. பெயர்ச் சான்றின் எல்லை

இத்தகைய செலவினால் உண்டாகும் பிழையும் ஒன்று உண்டு. உய்யக்கொண்டான், முடிகொண்டான், வீரசோழன், விக்கிரமன் எனச் சோழர் பெயர்களைத் தாங்கிய நீர்வழிகளைக் கண்டவுடன், அவ்வரசனே அதனை வெட்டினான் என்று துணிதல் பலர்க்கும் இயல்பு. உய்யக்கொண்டான் என்பது இராசராசன் விருதுப்பெயர். ஆயினும் பேட்டைவாய்த்தலையிற் பிரிந்து திருச்சிராப்பள்ளி வழியே செல்லும் அவ்வாய்க்கால், அவன் புதிதாக வெட்டியதோ, முன்னிருந்ததைத் திருத்திப் பெயரிட்டதோ என்பதனைப் பெயர் ஒன்றே கொண்டு முடிவு செய்தல் இயலாது. பெயர் வழக்கிற்குச் சான்றாகுமேயன்றிச் செயலுக்குச் சான்றாகாது. கல்வெட்டு, நில அமைப்பு, ஊர் வழக்கு ஆகிய மூன்றும் ஒத்தவிடத்தே முடிவு கூறல் வேண்டும். சோழநாட்டின் நாட்டுப் பிரிவுகளை நிலப்படத்தில் அமைத்துக் காட்டிய எ. சுப்பராயலு அவர்களின் 1973ஆம் ஆண்டு நூல், கல்வெட்டு ஊர்களை இன்றைய ஊர்களோடு இணைத்துக் காண்பதன் பயனை நன்கு காட்டியது. ஊர்களுக்குச் செய்யப்பட்ட அப்பணி சிறு வாய்க்கால்களுக்கும் செய்யப்படல் வேண்டும்.

அது காலத்தாழ்வின்றிச் செய்யவேண்டிய பணியாகும். பேராறுகளின் பெயர்கள் நிலப்படத்தில் உள்ளன, அவற்றிற்கு அழிவில்லை. ஆனால் வாய்க்கால்கள் ஏ, பி, சி, டி எனப் பிரிவு செய்யப்பட்டு வழங்குகின்றன. தூர்வாரும் பணி பற்றிய அறிக்கைகளில் ‘சி, டி பிரிவு வாய்க்கால்’ என்னும் தொடரே மிகுதியும் காணப்படும். வயலுக்கு நேரே நீர் தரும் அக்கடைசிக் கிளைகளின் பழம்பெயர்கள் உழவர் நாவில் மட்டுமே பெரும்பாலும் வாழ்கின்றன. அரசலாற்றுக் கரையில் யாம் சென்றபோது, வண்டியை நிறுத்தி ஒரு சிறு வாய்க்காலின் பெயரை வினவினோம். முதிய உழவர் ஒருவர் உடனே பெயர் கூறினார். அவர் அருகில் நின்ற பேரன் அப்பெயரை அன்றுதான் கேட்பதாகக் கூறினான். ஒரு தலைமுறை இடைவெளியில் ஒரு சான்று மறையும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா.

எனவே தமிழ் முதுகலை மாணாக்கர் தத்தம் ஊரையடுத்த ஓர் ஆற்றின் ஒரு பிரிவையேனும் எடுத்துக்கொண்டு, தலைமதகு முதல் கடைமடை வரை மிதிவண்டியிற் சென்று, ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் அது பாயும் வயல்களின் பெயரையும் பேச்சுவழக்கின் ஒலி மாறாது எழுதிக்கொள்வாராக. பின்னர் அப்பட்டியலை அவ்வட்டாரத்துக் கல்வெட்டுக்களோடு வைத்து ஒப்பிடுவாராக. பல பெயர்கள் ஒவ்வாது போகலாம். சிலவேனும் ஒத்துவரின், ஆயிரம் ஆண்டுகட்கு முன் பிடி சூழ்ந்த எல்லையை நாம் மீண்டும் நடந்தவராவோம். கேட்டற்குரியவர் உள்ளபோதே கேட்டல் வேண்டும்.