டயர் பெரிசு, பல்லு பழசு

போன சோளகத்தில் எங்கட சாச்சிட மகன் ஒரு பழைய டபுள் கெப் வாங்கினான். புல்மோட்டைக் கரையில் போட் இழுக்கிறதுக்கும், ஐஸ் பெட்டி ஏத்திக்கொண்டு குச்சவெளி, நிலாவெளி தாண்டி திருகோணமலைக்குப் போறதுக்கும். வாங்கி முதல் செய்த செலவு டயர். 30 அங்குல டயரைக் கழட்டிப்போட்டு 33 அங்குலம் போட்டான். மட்காட்டில் உரசாமல் இருக்க வண்டியையும் உயர்த்தினான். பார்க்க ஆள் மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

சீசன் முடியமுதல் கிளச் எரிந்துபோனது. கராஜில் இருந்த காக்கா கீழே படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "சில்ல மாத்தின, பல்ல மாத்தல்லயே தம்பி."

அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் அந்தப் பல்லு எது என்று பார்ப்போம். இஞ்சினிலிருந்து வரும் நீளமான ஷாஃப்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது பின் அச்சுக்குள் இருக்கிற கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுத்தும். பெரியதில் 41 பல்லு, சின்னதில் 10 பல்லு என்றால் விகிதம் 4.10. ஷாஃப்ட் நாலு சுத்துக்குக் கொஞ்சம் மேலே சுத்தினால்தான் சில்லு ஒரு சுத்து சுத்தும். எண் கூடக்கூட இழுவை கூடும், வேகம் குறையும்.

டயர் பெரிசானால் என்ன நடக்கும்? ஒரு சுத்தில் வண்டி முன்னைவிடக் கூடத் தூரம் போகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கூடுதல் தூரத்துக்கான பலத்தை அதே இஞ்சின்தான் கொடுக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான்: 4.10ஐ 30ஆல் பெருக்கி 33ஆல் பிரித்தால் 3.73. சாச்சிட மகன் ஒரு பல்லையும் தொடாமலே தன் வண்டியை 3.73 வண்டியாக மாத்திவிட்டான். இழுவையில் பத்தில் ஒரு பங்கு கிட்டப் போய்விட்டது. அந்த வண்டியில்தான் ஈர மணலில் போட் இழுத்தான். குறைந்த பலத்தை கிளச்சை அரைவாசி மிதித்து மிதித்து ஈடுகட்டினான். எரியாமல் என்ன செய்யும்?

இனி வரலாறு. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் பெரிய தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் அதனால்தான். அதே போர்தான் வில்லிஸ் ஜீப்பையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்றைக்கும் எங்கட பக்கத்தில் நாலு சில்லும் இழுக்கிற வண்டி எதுவென்றாலும் பலருக்கு அது 'ஜீப்'தான்.

அந்தப் போர்க்கால ஜீப்பின் அச்சுக்குள்ளே கிரவுன் வீலில் 39 பல்லு, பினியனில் 8 பல்லு. விகிதம் 4.88. போர் முடிந்த 1945இல் வில்லிஸ் கம்பெனி அதே ஜீப்பை விவசாயிகளுக்கு விற்க நினைத்து சிஜே-2ஏ என்ற மாடலைக் கொண்டுவந்தது. அதே வகை இஞ்சின், அதே அளவு டயர். ஆனால் அச்சில் 43க்கு 8. விகிதம் 5.38. ஏன்? படைக்காரனுக்கு ஓட வேண்டும், கமக்காரனுக்கு இழுக்க வேண்டும். வேலை மாறியதும் அவர்கள் முதலில் மாத்தினது பல்லைத்தான்.

இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் பொறியியலாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பக்கத்து ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் பழைய போர் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். 1947இல் ஒரு கடற்கரை மணலில் படம் கீறித்தான் புது வண்டியின் யோசனையைத் தன் தம்பிக்கோ அண்ணனுக்கோ காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அடுத்த வருசம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தது. பிறகு பல வருசம் அந்த வண்டிகளின் அச்சு விகிதம் 4.7, அதாவது 47க்கு 10.

எங்கட கதைக்கு நேரே பொருந்துகிற ஆள், அந்தக் குடும்பத்திலேயே 1960களின் கடைசியில் வந்த 'வன் டன்' லேண்ட் ரோவர். பாரம் கூட ஏத்த வேண்டும் என்பதற்காக அதற்கு 9.00-16 என்ற பெரிய டயர் போட்டார்கள். டயரைப் போட்டுவிட்டு சும்மா இருக்கவில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பல்லுகளையும் மாத்தி, வண்டி மெதுவாக, கூட பலத்தோடு ஓடுகிற மாதிரிச் செய்தார்கள். செய்த கம்பெனிக்கே பெரிய டயர் இலவசமாகக் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் யூனிமொக் இன்னொரு வழியில் போனது. அதுவும் போருக்குப் பிறகு கமத்துக்காகப் பிறந்த வண்டி. இரண்டு வரிசை உருளைக்கிழங்கின் அகலத்துக்கு அளந்து அதன் சில்லுகளுக்கு இடையில் 1,270 மில்லிமீட்டர் வைத்தார்கள். ஒவ்வொரு சில்லின் குடத்திலும் தனியாகப் பல்சக்கரம் போட்டார்கள். அதனால் அச்சும் உயர்ந்தது, இழுவையும் கூடியது. எங்கட கரையில் நிற்கிற உழவு மெசினைப் பாருங்க. பின்சில்லு ஆள் உயரத்துக்குக் கிட்ட இருக்கு, இஞ்சின் சின்னது. அவ்வளவு பெரிய சில்லை அது சுத்துவது உள்ளே படிப்படியாக வேகத்தைக் குறைத்துக் குறைத்து பலமாக்குகிற பல்லுகளால்தான்.

'அப்ப மணலுக்குப் பெரிய டயர் வேணாமா?' என்று கேட்பீங்க. அதற்கும் வரலாற்றில் ஒரு பதில் இருக்கு. ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி 1920களின் பிற்பாதியில் எகிப்து, லிபியப் பாலைவனங்களை ஃபோர்ட் மாடல் டி, மாடல் ஏ போன்ற சாதாரணக் கார்களில் கடந்தார். நாலு சில்லு இழுவையும் இல்லை, உயர்த்தினதும் இல்லை. வண்டியின் பாரத்தைக் குறைத்தார், டயரின் காத்தைக் குறைத்தார். காத்துக் குறைந்தால் டயர் மணலில் பரந்து படியும், புதையாது. 1940இல் பாலைவனத்துக்கான தனிப்படை ஒன்றை அவர்தான் உருவாக்கினார். மணல் எப்படி நகர்கிறது என்று 1941இல் அவர் வெளியிட்ட புத்தகத்தை விஞ்ஞானிகள் இன்னும் புரட்டுகிறார்கள்.

எங்கட ஊருக்கு மணல் புதுசில்லை. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானதே இந்தக் கரையின் கறுப்பு மணலுக்காகத்தான். சாதாரண மணலின் அடர்த்தி 2.65 அளவு, இல்மனைட் 4.7 வரை போகும். லொறிப் பெட்டி பாதி நிறையும்போதே பாரம் ஏறிவிடும். வண்டியைப் பார்க்கமுதல் பாரத்தைப் பார் என்பது இந்த ஊர் டிரைவர்மாருக்குத் தெரிந்த பாடம். நாங்கதான் மறந்துபோனோம்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் வேலை, பிறகு பல்லு, அதற்குப் பிறகு டயர். நாங்க டயரிலிருந்து தொடங்குகிறோம்.

நீங்களும் பெரிய டயர் போட யோசிக்கிறீங்க என்றால் முதலில் கணக்குப் போடுங்க. பழைய விகிதத்தைப் புது டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் பிரிக்க வேண்டும். 4.10, 30இலிருந்து 33 என்றால் 4.51. கடையில் கிடைக்கிற கிட்டின எண் 4.56. 35 அங்குலம் என்றால் 4.78, கிட்டின எண் 4.88. அது பழைய போர் ஜீப்பின் எண்ணேதான்! பழைய விகிதம் தெரியாவிட்டால் வண்டியை நியூட்ரலில் போட்டு, பின்சில்லு இரண்டையும் தூக்கி, இரண்டையும் ஒரே பக்கமாக ஒரு முழுச் சுத்து சுத்துங்க. ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துது என்று எண்ணினால் சரி. நாலு சில்லு இழுக்கிற வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாத்த வேண்டும். ஒன்றை மட்டும் மாத்தினால் இரண்டும் ஒன்றோடொன்று இழுபட்டு உடையும். அதனால் செலவு இரட்டிப்பு. முள்ளு 60 காட்டும்போது வண்டி 66இல் ஓடும் என்பதையும் மறக்காதீங்க. உயர்ந்த வண்டி வளைவில் கெதியாகச் சரியும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

சாச்சிட மகன் அந்தக் கணக்கைப் போட்டான். இரண்டு அச்சுக்கும் பல்லு மாத்த ஆகும் காசைக் கேட்டான். கிளச் போட்ட கடனே இன்னும் மீன் முதலாளியிடம் நிக்குது. 33ஐ வித்துப்போட்டுப் பழைய 30ஐயே திரும்பப் போட்டான், வண்டியையும் இறக்கினான். இப்ப கரைக்கு இறங்கமுதல் காத்தைக் குறைக்கிறான், தார் ரோட்டில் ஏறமுதல் பம்ப் அடிக்கிறான். பொடியன்மார் பகிடி பண்ணுறாங்கதான். ஆனால் இந்த சோளகத்தில் அவன்ட வண்டி ஒரு நாளும் கராஜுக்குப் போகவில்லை.