வெனிலா பன்னா கோட்டா: மாட்டு ஜெலட்டின் இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம்

வெள்ளை வெளேரென்று, தட்டைத் தொட்டாலே லேசாக நடுங்கும் இனிப்பு. கரண்டியில் எடுத்து வாயில் வைத்தால் பாலாடைபோல் கரைந்து போகும். ஹோட்டல் கல்யாண விருந்துகளிலும் கேக் கடைகளிலும் இப்போது பன்னா கோட்டாவை அடிக்கடி பார்க்க முடிகிறது. ஒருமுறை சாப்பிட்டு வந்த பிள்ளைகள் வீட்டிலும் செய்து தரச் சொல்கிறார்கள். செய்வது சிரமமில்லை. அவன் வேண்டாம், முட்டை வேண்டாம், அடுப்பு வேலை கால் மணி நேரம்தான். ஆனால் நம் வீடுகளில் இதைச் செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த இனிப்பு எதனால் உறைகிறது?

இத்தாலிய மொழியில் பன்னா என்றால் பாலேடு, அதாவது கிரீம். கோட்டா என்றால் சமைத்தது. வட இத்தாலியின் பியட்மாண்ட் வட்டாரத்து இனிப்பு என்று சொல்வார்கள். அந்த வட்டார அரசு 2001ஆம் ஆண்டு தன் பாரம்பரிய உணவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆனாலும் 1960களுக்கு முந்திய இத்தாலியச் சமையல் நூல்களில் இந்தப் பெயர் காணப்படுவதில்லை என்பதால், நாம் நினைக்கிற அளவுக்குப் பழைய பலகாரம் இல்லை போலும். கிரீம், பால், சீனி, வெனிலா ஆகியவற்றைச் சூடாக்கி, ஜெலட்டின் சேர்த்துக் குளிர வைத்தால் பன்னா கோட்டா. அவ்வளவுதான்.

ஜெலட்டின் என்ன பொருள்?

விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது ஜெலட்டின். பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ தயாரிக்கிறார்கள். மீனிலிருந்தும் எடுப்பது உண்டு. அது குறைவு.

பாக்கெட்டில் ஹலால் முத்திரையைப் பார்த்ததும் "பிரச்சினை இல்லை" என்று கூடையில் போட்டுவிடுகிறோம். ஹலால் முத்திரை சொல்வது அதில் பன்றி இல்லை என்பதையும், விலங்கு முறைப்படி அறுக்கப்பட்டது என்பதையும்தான். மாடு இல்லை என்று அது சொல்லவில்லை. உண்மையில் ஹலால் ஜெலட்டினில் பெரும்பகுதி மாட்டிலிருந்து வருவதுதான். மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள், வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்காத குடும்பங்கள், தெரியாமலே அதைப் பரிமாறிவிடுகிறோம். புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் சைவமாக இருப்பவர்களுக்கு மீன் ஜெலட்டினும் ஆகாது.

மலேசியாவில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மாடு அல்லது பன்றியிலிருந்து வந்த பொருள் எதுவும் உணவில் சேர்ந்திருந்தால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் உள்ளது. ஆகவே பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் "லெம்பு" என்றோ "பீஃப்" என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். மீன் என்றால் "இக்கான்" என்று இருக்கும். வெறுமனே ஜெலட்டின் என்று மட்டும் எழுதி, எதிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் நான் வாங்குவதில்லை. பன்னா கோட்டா மட்டுமல்ல, மார்ஷ்மெலோ, பிள்ளைகள் மெல்லும் ஜெலி மிட்டாய், கேக் கடை மூஸ், சில வகைத் தயிர் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். கடையில் தட்டில் வைத்து விற்பதற்கு லேபிள் இருக்காது. வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அகார்-அகார் வைத்துச் செய்வது

மாற்றுப் பொருள் நம் சமையலறையிலேயே இருக்கிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார்-அகார். உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்கள் வரை பயன்படுத்தும் இந்தப் பெயர் மலாய்ச் சொல். தமிழ்நாட்டில் சைனா கிராஸ் என்பார்கள். முழுக்கச் சைவம். லேபிளில் 406 என்ற எண் இருந்தாலும் அது இதுதான்.

ஆனால் ஜெலட்டின் அளவை அப்படியே எடுத்து அகார்-அகாருக்குப் போட்டால் இனிப்பு ரப்பர் போல் ஆகிவிடும். "அகார்-அகாரில் பன்னா கோட்டா நன்றாக வராது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுப் பிழைதான். இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ஜெலட்டின் சுமார் 35 டிகிரியில் உருகும். நம் உடல் சூடு 37 டிகிரி என்பதால் அது வாயில் தானாகக் கரைகிறது. அதே காரணத்தால் நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்தாலும் தளர்ந்துவிடும். அகார்-அகார் 85 டிகிரிக்கு மேல்தான் உருகும், 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் உறையத் தொடங்கும். வாயில் உருகாது. ஆகவே மென்மை வேண்டுமானால் அளவைக் குறைப்பது ஒன்றே வழி. வழக்கமான அகார்-அகார் துண்டுக்குப் போடுவதில் பாதி போதும்.

ஆறு சிறு கிண்ணங்களுக்கு வேண்டியவை: 300 மில்லி லிட்டர் விப்பிங் கிரீம், 200 மில்லி லிட்டர் கொழுப்பு நீக்காத பால், 50 கிராம் சீனி (சுமார் நான்கு மேசைக்கரண்டி), தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சுத்தமான அகார்-அகார் தூள், ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கிரீம் சப்பென்று இருக்கும்.

தூள் வாங்கும்போது கவனம். சில பாக்கெட்டுகளில் சுத்தமான அகார்-அகார் இருக்காது; கொன்யாக்கு, காரஜீனன், சீனி எல்லாம் கலந்த ஜெலித் தூளாக இருக்கும். அளவு குழம்பிவிடும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று போட்டிருந்தால், அரை லிட்டருக்குக் கால் பாக்கெட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூலாக விற்கும் அகார்-அகாரை இந்த இனிப்புக்கு நான் சொல்லமாட்டேன். அளவு பிடிபடாது.

முதலில் கிரீமைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், குறைந்தது அரை மணி நேரம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கொஞ்சம் பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த பாலை ஊற்றி, அகார்-அகார் தூளைத் தூவிக் கலக்கி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். தூளைச் சூடான பாலில் கொட்டினால் கட்டி தட்டும். பிறகு சீனியும் உப்பும் சேர்த்து, மிதமான தீயில் அடி பிடிக்காமல் கிளறிக் கொதிக்க விடவும். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து மேலும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். முக்கியமான இடம் இதுதான். பால் கொதித்ததும் அவசரப்பட்டு அடுப்பை அணைத்தால் தூள் முழுதாகக் கரையாது. இனிப்பு ஒரு பக்கம் தண்ணீராகவும் மறுபக்கம் மணல்போலவும் வரும். கரண்டியின் பின்புறத்தில் எடுத்துப் பார்த்தால் சிறு மணிகள் தெரியக் கூடாது.

இப்போது கிரீமைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்குங்கள். பெட்டியிலிருந்து எடுத்த கிரீம் 4 டிகிரியில் இருக்கும். அதை 300 மில்லி லிட்டர் அப்படியே கொட்டினால், கொதித்த பால் ஒரே நொடியில் 40 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அகார்-அகார் பாத்திரத்திலேயே நூல் நூலாக உறையத் தொடங்கும். அதற்காகத்தான் முன்கூட்டியே வெளியே வைக்கச் சொன்னது. கிரீம் கலந்ததும் ஆவி வரும்வரை மட்டும் சூடாக்கி இறக்குங்கள். மறுபடி கொதிக்க வேண்டாம். இறக்கிய பிறகு வெனிலா எசன்ஸ் சேர்த்து, வடிகட்டி, மேலே நுரை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கிண்ணத்தில் ஊற்றும் முன் ஒரு சோதனை. ஒரு தேக்கரண்டி அளவை சின்னத் தட்டில் விட்டு, ஐஸ் அறையில் மூன்று நிமிடம் வையுங்கள். விரலால் தொட்டால் நடுங்க வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. கெட்டியாக இருந்தால் பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் சூடான பால் கலக்கலாம். ஒவ்வொரு பிராண்ட் தூளும் ஒவ்வொரு மாதிரி என்பதால், புதுப் பாக்கெட் பிரிக்கும்போது இந்தச் சோதனை கட்டாயம். ஆற விடும்போது அவ்வப்போது கலக்கிக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் கிரீம் மேலே மிதந்து இரண்டு அடுக்காக உறையும். கையில் பொறுக்கும் சூடு வந்ததும் கிண்ணங்களில் ஊற்றி, மூடி, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும்.

அப்படியும் கல்லாக உறைந்துவிட்டதா? கவலை வேண்டாம். அகார்-அகாரைத் திரும்ப உருக்கலாம். துண்டு போட்டு, 100 மில்லி லிட்டர் பால் சேர்த்து, சிறு தீயில் கட்டியில்லாமல் கரையும்வரை கிளறி மறுபடி ஊற்றுங்கள்.

கிரீம், வெனிலா

கிரீம் விஷயத்தில் ஏமாறுவது எளிது. பேக்கரிச் சாமான் கடைகளில் விப்பிங் கிரீம் என்று விற்பதில் பாதி, தாவர எண்ணெயும் சீனியும் சேர்த்தது. கேக்கின்மேல் அலங்காரத்துக்கு அது சரி. பன்னா கோட்டாவுக்குப் போட்டால் நாக்கில் எண்ணெய் படிந்ததுபோல் இருக்கும். டெய்ரி என்று எழுதி, கொழுப்பு 35 விழுக்காடு அளவில் இருப்பதை வாங்குங்கள். குக்கிங் கிரீமில் கொழுப்பு குறைவு. அவசரத்துக்குத்தான் ஆகும். பால் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் நன்றாகவே வரும். அதைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் வெனிலா எசன்ஸ் பெரும்பாலும் செயற்கை. இந்த இனிப்பில் வேறு வாசனையே இல்லாததால் அதன் குறை வெளியே தெரியும். முடிந்தால் ஒரு வெனிலாக் காயை வாங்கி, நீளவாக்கில் கீறி, பாலில் போட்டுக் கொதிக்க விடுங்கள். கறுப்புப் புள்ளிகளோடு பார்க்கவே அழகாக இருக்கும். விலை கூடுதல்தான், காரணமும் உண்டு. வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. அதன் தாயகமான மெக்சிகோவுக்கு வெளியே பூவுக்குப் பூ மனிதர் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அதை எளிதாகச் செய்யும் முறையை 1841இல் கண்டுபிடித்தவர் ரியூனியன் தீவுத் தோட்டமொன்றில் அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட் அல்பியஸ். தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த அதே தீவுதான். அவன் கண்டுபிடிப்பால் தோட்ட முதலாளிகள் செழித்தார்கள். அவர் 1880இல் ஏழையாகவே இறந்தார். இன்றும் உலகம் பயன்படுத்துவது அந்த முறையைத்தான்.

வெனிலாக் காய் கட்டுப்படியாகாவிட்டால், மூன்று பாண்டான் இலையை முடிந்து பாலில் போடுங்கள். பெயர் வெனிலா பன்னா கோட்டாவாக இருக்காது, ஆனால் யாரும் மிச்சம் வைக்கமாட்டார்கள். சுத்தமான வெனிலா எக்ஸ்ட்ராக்டில் மதுசாரம் இருக்கும் என்பதால் முஸ்லிம் நண்பர்கள் வரும் விருந்துக்குக் காயோ பாண்டானோ நல்லது.

ஜெலட்டின் சாப்பிடுபவர்களுக்கு

மீன் அல்லது வேறு ஜெலட்டின் பயன்படுத்துவதில் தடையில்லாதவர்கள் இதே அளவு பாலுக்கும் கிரீமுக்கும் 6 கிராம் தூள், அதாவது இரண்டு தேக்கரண்டி, எடுத்துக்கொள்ளலாம். மூன்று மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பால் கலவையில் சேர்த்துக் கரைக்க வேண்டும். இதைக் கொதிக்க வைக்கக் கூடாது. உறையும் சக்தி குறையும். குறைந்தது ஆறு மணி நேரம் பெட்டியில் இருக்க வேண்டும். பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றை ஜெலட்டினோடு கலந்தால் உறையவே உறையாது. அவற்றிலுள்ள என்சைம் புரதத்தைச் சிதைத்துவிடும். அகார்-அகார் புரதம் அல்ல என்பதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

மேலே ஊற்றுவதற்கு என் தேர்வு குலா மெலாக்கா. 100 கிராமைக் கால் கிண்ணம் தண்ணீரில் ஒரு பாண்டான் இலையோடு கரைத்துக் கொதிக்க விட்டு வடிகட்டினால் போதும். கேமரன் மலை ஸ்ட்ராபெரி கொஞ்சம் புளிப்பாக இருப்பதால் இதற்கு மிகப் பொருத்தம். இரண்டு மேசைக்கரண்டி சீனியோடு ஐந்து நிமிடம் வதக்கினால் சாறு விட்டுக்கொள்ளும். சாறு வகைகளைப் பரிமாறும்போது மட்டும் ஊற்றுங்கள்.

அகார்-அகாரில் செய்தது நாள் ஆக ஆகத் தண்ணீர் விடும். இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஐஸ் அறையில் வைக்கக் கூடாது. கோயில் விருந்துக்கோ திறந்த இல்ல உபசரிப்புக்கோ கொண்டு போகும்போது, உருகவில்லை என்பதால் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது பாலும் கிரீமும். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஐஸ் போட்ட பெட்டியில் எடுத்துச் சென்று, மேசையில் பத்துப் பத்தாக வைக்கலாம். பக்கத்தில் ஓர் அட்டையில் "சைவம், அகார்-அகாரில் செய்தது" என்று எழுதி வைத்துவிட்டால் விரதக்காரர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்க வேண்டியிருக்காது.