பெட்டியின் மேல் ஒரு பெயர்

சென்ற தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகனுடைய புத்தக அலமாரியில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உருவம் நின்றுகொண்டிருந்தது. முள் முள்ளாய்த் தெறித்து நிற்கும் தலைமயிர், ஆரஞ்சு நிறச் சண்டை உடுப்பு. எனக்கும் தெரிந்த முகம்தான். "இது கோகுதானே?" என்றேன். "கோகுதான் மாமா. ஆனா இது இவரோட கோகு" என்று பெட்டியை எடுத்து வந்து காட்டினான். பெட்டியின் மேல் ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. கதையை எழுதி வரைந்தவரின் பெயர் அல்ல; உருவத்தை வடித்தவரின் பெயர்.

அந்த 'இவரோட' என்ற சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான் வங்கியில் வேலை பார்ப்பவன். காசோலையில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பின் ஒரு பகுதி. ஒரே ஆள் தன் பெயரை இரண்டு முறை எழுதினாலும் இரண்டும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. ஆனாலும் கை ஒன்றுதான் என்று தெரிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கில் அச்சில் வார்த்த ஒரு பொம்மையில் ஒரு பையன் ஒரு கையை அடையாளம் காண்கிறான் என்றால், அதை வெகுஜனப் பண்டம் என்ற சொல்லைப் போட்டு மூடிவிடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அது எப்படி அங்கே வந்தது என்று தேடிப் போனதில் நூற்று நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் கிடைத்தது.

முதலில் அந்தப் போட்டி. அகிரா தோரியாமாவின் 'டிராகன் பால்' 1984 முதல் 1995 வரை ஒரு ஜப்பானிய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அந்தக் கதைக்குள் வானத்தின் கீழ் முதல்வன் யார் என்று தீர்மானிக்கும் ஒரு சண்டைப் போட்டி அவ்வப்போது நடக்கும். 2010-களின் தொடக்கத்தில் பான்பிரெஸ்டோ என்ற நிறுவனம் அந்தப் பெயரையே எடுத்து, முன்னால் 'உருவம் வடித்தல்' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து, சிற்பிகளுக்கு ஒரு போட்டி வைத்தது. பங்கேற்கும் ஒவ்வொருவரும் அந்தக் கதையின் பாத்திரம் ஒன்றை வடிக்க வேண்டும். வடித்தது பொம்மையாக வெளிவரும், ரசிகர்கள் வாக்களிப்பார்கள். 'ஒன் பீஸ்' என்ற கதைக்கும் இதேபோல ஒரு போட்டி வந்தது. நகாஸாவா ஹிரோயுகி போன்ற சிற்பிகளின் பெயர்கள் ரசிகர்களின் பேச்சில் புழங்கத் தொடங்கியது இப்படித்தான். பான்பிரெஸ்டோ 2019-ல் பண்டாய் ஸ்பிரிட்ஸ் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. பெயர் மட்டும் வியாபாரக் குறியாக நிற்கிறது.

இதில் அதிசயம், இந்தப் பொம்மைகள் எந்தத் தட்டில் கிடந்தவை என்பதுதான். இவை கடையில் விலைக்கு விற்கச் செய்யப்பட்டவை அல்ல. காசு போட்டால் இரும்புக் கொக்கி இறங்கிப் பொருளைக் கவ்வ முயலுமே, அந்த இயந்திரத்துக்குள் பரிசாகக் கிடப்பதற்குச் செய்யப்பட்டவை. ஸேகா நிறுவனம் தன் கொக்கி இயந்திரத்தை 1985-ல் கொண்டுவந்தது. சூதாட்டமாகிவிடக் கூடாது என்பதற்காக இந்தப் பரிசுகளின் மதிப்புக்கு அரசாங்கம் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. நீண்ட காலம் அது 800 யென். 2022-ல் 1000 யென் ஆயிற்று. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அந்தக் காசுக்குள் அடங்க வேண்டிய ஒரு பண்டத்தின் மேல்தான் சிற்பியின் பெயர் அச்சாகியிருக்கிறது.

இதை ஜப்பானியச் சிற்பத்தின் இன்னொரு போட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1877-ல் டோக்கியோவில் முதல் தேசியத் தொழில் கண்காட்சி நடந்தது. அதில் வெள்ளாடை தரித்த கன்னோன் உருவம் ஒன்று முதல் பரிசு பெற்றது. பரிசு தகாமுரா தோவுன் என்ற ஆசானின் பெயருக்குப் போயிற்று. செதுக்கியது அவர் அல்ல. அவருடைய பட்டறையில் சிறு வயதிலேயே சேர்ந்து வளர்ந்த சீடன். 1852-ல் பிறந்த அந்தச் சீடன்தான் பிற்காலத்தில் தகாமுரா கோவுன் என்று அறியப்பட்டவர். தகாமுரா என்ற குடும்பப் பெயரே அவருக்கு ஆசானின் வீட்டிலிருந்து சுவீகாரமாக வந்தது. ஆசான் பெயரில் வேலை போவதை அன்று யாரும் மோசடி என்று நினைத்திருக்க மாட்டார்கள். பட்டறை என்றால் அப்படித்தான். புத்த விக்கிரகம் செய்பவர்களைப் 'புஷ்ஷி' என்பார்கள். விக்கிரகம் புத்தருடையது, பட்டறை ஆசானுடையது, கை மட்டும்தான் சீடனுடையது.

அதே சமயத்தில் இன்னொரு எண்ணமும் ஜப்பானுக்குள் வந்துகொண்டிருந்தது. 'கலை' என்று இன்று அவர்கள் சொல்லும் சொல்லே 1873 வியன்னா கண்காட்சிக்கான ஏற்பாடுகளின்போது மேல்நாட்டுச் சொல்லுக்கு ஈடாக உண்டாக்கப்பட்டது. 1876-ல் அரசாங்கம் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கிப் பலெர்மோவைச் சேர்ந்த வின்சென்ஸோ ரகூஸாவைச் சிற்பம் கற்பிக்க வரவழைத்தது. மரத்தைச் செதுக்குவது தொழில், களிமண்ணைப் பிசைந்து உருவாக்குவது கலை என்ற பிரிவினை அங்கே வேர் விட்டது. 1868-க்குப் பிறகு பௌத்தத்துக்கு எதிராக எழுந்த வேகத்தில் விக்கிரகங்களுக்குக் கிராக்கி விழுந்து புஷ்ஷிகள் பலர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் தந்தச் சாமான்களுக்குப் போனார்கள். கோவுன் மரத்தை விடவில்லை. 1889-ல் புதிய நுண்கலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1893-ல் அவருடைய 'கிழட்டுக் குரங்கு' சிகாகோ போயிற்று. இம்முறை அவர் பெயரிலேயே.

கோவுனின் மகன் கோதாரோ கவிஞர், சிற்பி. நியூயார்க், லண்டன், பாரீஸ் என்று சுற்றிவிட்டு 1909-ல் திரும்பியவர். சூரியனை ஒருவன் பச்சையாகத் தீட்டினால் அதையும் ஏற்பேன் என்ற கருத்தில் 1910-ல் அவர் எழுதிய கட்டுரை ஜப்பானிய நவீனத்துவத்தின் ஆரம்பப் பிரகடனங்களில் ஒன்று. ரோதானின் பேச்சுகளை மொழிபெயர்த்தார். தந்தையின் வேலையில் திறமை இருக்கிறது, ஆத்மா எங்கே என்பது அவர் கேள்வி. ஆனால் 1918-ஐ ஒட்டி அவர் செய்த மிகப் பிரசித்தமான சிற்பம் எது? 'கை'. அபய முத்திரையை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் ஒரு வெண்கல இடது கை. சுயத்தைத் தேடிப் பாரீஸ் வரை போன மகன், கடைசியில் அப்பாவின் பட்டறையில் ஆயிரம் முறை செதுக்கப்பட்ட ஒரு சைகையில்தான் தன்னைக் கண்டுபிடித்தான். இதை நான் தோல்வியாகச் சொல்லவில்லை. மரபாக வந்த உருவம், தன் கை என்ற இரண்டும் எதிரிகள் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கலைப் பள்ளியின் கதவுக்கு வெளியே நின்றுவிட்டவர்களும் உண்டு. மட்ஸுமோத்தோ கிஸாபுரோ போன்றவர்கள் ஆளுயரத்துக்கு, மயிர்க்கால் தெரியச் செய்த 'உயிர்ப் பொம்மை'களை அஸாகுஸாவில் காசு கொடுத்துக் கூட்டம் பார்த்தது. சரித்திரப் புத்தகங்கள் அவற்றை நெடுநாள் வேடிக்கை என்றே ஒதுக்கின. பொம்மை என்ற சொல்லுக்கும் சிற்பம் என்ற சொல்லுக்கும் நடுவே விழுந்த சுவர் அப்போது எழுந்ததுதான்.

அந்தச் சுவரின் பொம்மைப் பக்கத்தில் நடந்ததுதான் அடுத்த கட்டம். மியாவாகி ஒஸாமு 1964-ல் ஒஸாகாவுக்கு அருகே காயோதோ என்ற மாதிரிப் பொம்மைக் கடையைத் திறந்தார். இடம் ஒன்றரை 'த்ஸுபோ', நம் கணக்கில் ஐம்பத்து மூன்று சதுர அடி சொச்சம். 1980-களின் ஆரம்பத்தில் சிலிகான் ரப்பரும் ரெஸினும் தனி ஆள் கைக்கு எட்டின. பெரிய கம்பெனிகள் செய்யாத உருவங்களை இளைஞர்கள் புட்டியில் தாங்களே வடித்து, ரப்பரில் அச்சு எடுத்து, ரெஸினை ஊற்றிப் பத்து இருபது பிரதி வார்த்தார்கள். குமிழி விழுந்தால் அடைப்பதும், துண்டுகளை ஒட்டுவதும், வர்ணம் பூசுவதும் வாங்கியவன் பாடு. 'கராஜ் கிட்' என்று பெயர். கார் நிறுத்தும் கொட்டகையில் செய்தது என்று அர்த்தம்.

1985-ல் ஒஸாகாவின் ஜெனரல் புராடக்ட்ஸ் என்ற கடைக்காரர்கள் இவர்களுக்காக ஒரு சந்தையைத் தொடங்கினார்கள்: 'வொண்டர் பெஸ்டிவல்'. 1992 முதல் அதைக் காயோதோ நடத்துகிறது. இங்கே ஒரு அபூர்வமான ஏற்பாடு உண்டு. பாத்திரத்தின் உரிமை வைத்திருப்பவர்கள் அந்த ஒரு நாள், அந்த ஒரு இடத்தில் மட்டும் விற்றுக்கொள்ள அனுமதி தருகிறார்கள். சாயங்காலம் ஆனால் அனுமதி செத்துவிடும். ஆறு மாசம் கண் விழித்துச் செய்தது சில மணி நேரத்துக்குத்தான் சட்டப்படி உயிரோடிருக்கிறது. முந்நூறு பிரதி அச்சடித்துப் பாதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நமக்கு இந்தப் பொருளாதாரத்தை விளக்க வேண்டியதில்லை. முக்கியமானது என்னவென்றால், வடிப்பவனுக்குப் பெயர் கிடைத்தது இந்தச் சந்தையில்தான். 'கெங்கெய்ஷி' என்றார்கள், மூலவடிவம் செய்பவன். 'புஷ்ஷி'யின் வாலில் உள்ள அதே 'ஷி'தான் இதிலும் இருக்கிறது.

இனி ஆட்சேபம். இன்னொருவன் வரைந்த பாத்திரத்தை உருட்டிக் கொடுப்பதில் சிருஷ்டி எங்கே? இதை ஒரு நண்பர் என்னிடம் நேராகவே கேட்டார். அலமாரியிலிருந்த அந்தத் தலையைத் திருப்பிப் பார்த்தபோது எனக்குப் பதில் கிடைத்தது. தோரியாமா வரைந்த தலைமயிர் முன்னாலிருந்து பார்த்தால் ஒரு விதம், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு விதம். காகிதத்தில் இரண்டும் அழகு. ஆனால் இரண்டையும் ஒரே தலையில் பொருத்தினால் பொருந்தாது. அப்படி ஒரு தலை ஸ்தூல உலகத்தில் இருக்கவே முடியாது. ஓவியன் தப்பித்துக்கொண்ட இடத்தில் சிற்பி மாட்டிக்கொள்கிறான். முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே யாரும் வரையாத கோணங்களை அவன் தீர்மானித்தாக வேண்டும். உடலின் கனம் எந்தக் காலில் விழுகிறது, துணி எங்கே தோலைத் தொடுகிறது, கோபம் தோளிலா விரலிலா? ஒருவருடைய கோகு இறுகிய கல். இன்னொருவருடையது இப்போதுதான் மூச்சு விட்டது போல. வரைபடம் ஒன்று, தீர்மானங்கள் வேறு. மொழிபெயர்ப்புச் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூலத்தில் சொல்லாமல் விட்டது எதையும் மொழிபெயர்ப்பவன் சொல்லாமல் விட முடியாத ஒரு இடம் வரும். பல கைகளை ஒரே உலகத்துப் பாத்திரங்களின் மேல் ஏவியதன் மூலம் அந்தப் போட்டி, தெரிந்தோ தெரியாமலோ, நடையை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டது. தோரியாமா 2024 மார்ச்சில் காலமானார். அவரே பொம்மை மாதிரிகள் செய்வதில் பைத்தியமாக இருந்தவர். தமியா நிறுவனம் நடத்திய பொம்மை மாற்றிச் செய்யும் போட்டியில் பரிசு பெற்றவர். சிற்பியின் இந்தச் சங்கடம் அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு மனமில்லை. பெயர் அச்சாவது மரியாதை மட்டுமல்ல, வியாபார உத்தியும்கூட. அடுத்த பெட்டியை வாங்க வைப்பதற்குப் பெயர் உதவுகிறது. அதே பெயர் இடம் மாறினால் காணாமலும் போகிறது. காயோதோவின் சிற்பி போமே வடித்த ஆளுயரப் பணிப்பெண் உருவம் தகாஷி முரகாமியின் 'மிஸ் கோ ஸ்கொயர்டு' ஆக 1997-ல் வெளிவந்தது. 2003-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 5,67,500 டாலருக்குப் போயிற்று. முரகாமி அந்தக் கூட்டு உழைப்பை மறைத்தவர் அல்ல. ஆனால் ஏலப் பட்டியல் என்பது ஒரு பெயரைத்தான் பெரிய எழுத்தில் போடும். 800 யென் பொம்மையில் சிற்பியின் பெயர் இருக்கிறது, கலைச் சந்தையில் ஆசானின் பெயர் இருக்கிறது. 1877 அப்படியொன்றும் தூரத்தில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அக்கா மகனின் பெட்டியின் அடியில் 'சீனாவில் தயாரிக்கப்பட்டது' என்று சிறிய எழுத்தில் இருந்தது. உருக்கு அச்சில் வார்த்த துண்டுகளை ஒட்டி, புருவத்தையும் கண்ணையும் பிசகாமல் பதித்து, தசையின் பள்ளங்களில் நிழல் போல வர்ணம் தெளித்தது அங்கே ஒரு தொழிற்சாலை வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் கை. முகத்துக்கு உயிர் தருவது பெரும்பாலும் அந்தக் கடைசித் தெளிப்புத்தான். அவர்களுக்குப் பெயரே இல்லை. பட்டறைச் சீடன் சுவரேறி வெளியே வந்துவிட்டான். அவன் விட்டுப்போன இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஊருக்குக் கிளம்புமுன் அந்த உருவத்தை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தேன். இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பு வர்ணம் மயிரிழை அளவு விலகியிருந்தது. பையன் அதைக் குறை என்றான்; கடையில் வேறு பெட்டி கேட்டும் கிடைக்கவில்லையாம். நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொம்மையில் பெட்டியின் பெயருக்கு உரியவர் போடாத கையெழுத்து அது ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் மாதிரி எதுவும் இல்லை.