சதுரங்கப் புதிரும் கணினியும்



திருகோணமலையிலே கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது கோணேசர் மலை. அங்கு விளங்கிய பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தனர். தூண்கள் பல கடலுள் வீழ்ந்தன. 1956ஆம் ஆண்டில் மூழ்கிச் சென்று அவ்விடிபாடுகளைக் கண்டோருள் ஒருவர் ஆதர் சி. கிளார்க். அவ்வாண்டிலேயே இலங்கையைத் தம் வாழிடமாக்கிக்கொண்ட ஆங்கில எழுத்தாளர் அவர்.

கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து கதையமைத்த விண்வெளித் திரைப்படம் 1968இல் வெளிவந்தது. அதிலே 'ஹால்' என்னும் கணினி, விண்கலத்து மனிதர் ஒருவரைச் சதுரங்கத்தில் வெல்கிறது. அந்த ஆட்டமோ, 1910இல் ஹாம்பர்க் நகரில் இரு மனிதர் ஆடியதே. கற்பனைக் கணினிக்கும் மனிதனின் ஆட்டத்தையே இரவல் வாங்கவேண்டியிருந்தது!

1997இல் 'டீப் புளூ' என்னும் உண்மைக் கணினி உலக வீரர் கஸ்பரோவை வென்றது. ஆயினும் ஆடுவது வேறு. புதிர் புனைவது வேறு. ஆட்டத்துக்கு வெற்றியே அளவுகோல். நல்ல புதிருக்கோ விடை ஒன்றே இருத்தல் வேண்டும்; அது எளிதிற் புலப்படாததாயும், கண்டபின் வியக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும்.

மலேசிய ஆய்வாளர் அஸ்லான் இக்பால் அமைத்த 'செஸ்தெட்டிக்கா' என்னும் செய்நிரல் தானாகவே புதிர்களைப் புனைந்தது. 2025இல் 'கூகிள் டீப்மைண்ட்' ஆய்வாளர் மேலும் ஒருபடி சென்றனர். முன்பிருந்த புதிர்களைக் கணினிக்குக் கற்பித்தனர். பின்னர், மேலோட்டமாக ஆராய்ந்தால் மறைந்தும் ஆழ்ந்து ஆராய்ந்தால் வெளிப்பட்டும் நிற்கும் விடையுள்ள புதிர்களைப் புனையுந்தோறும் அதற்கு ஊக்கப் புள்ளி அளித்தனர். முதலில் 0.22 விழுக்காடாயிருந்த அத்தகைய புதிர்கள் 2.5 விழுக்காடாயின. கற்பித்த புதிர்த் தொகுப்பிலே அவ்விகிதம் 2.1 மட்டுமே.

மாணவன் ஏட்டை மிஞ்சினான் எனலாம். எனினும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு அந்த அளவை எட்டவில்லை. எட்டியவற்றுள்ளும் அழகியவை எவை? அதனைத் தீர்மானிக்க அமற்சியா அவ்னி, ஜொனதன் லெவிற், மத்தியூ சாட்லர் என்னும் மூன்று சதுரங்க வல்லுநரை நாடினர்.

கோணேசர் மலையடியிலே கற்கள் எண்ணற்றவை. அவற்றிடையே சிற்பியின் உளி பட்ட தூண் இதுவெனக் கண்டது மனிதக் கண். கணினி கற்களைக் குவிக்கட்டும். தூணை இனங்காணும் கண்ணை நம் இளைஞர் இழந்துவிடலாகாது. அக்கண், புதிரின் விடையைப் பாராமல் பலகைமுன் பொறுத்திருந்து சிந்திப்பவர்க்கே வாய்க்கும்.