காவல்கூடத்தில் ஒரு கலாசாலை

நான் காலேஜில் படித்த நாளில் ரசாயனப் பரீட்சைக்கு ஏதாவது ஓர் உப்பைக் கையில் கொடுப்பார்கள். அது இன்ன உப்பு என்று சோதித்துச் சொல்ல வேண்டும். பரிசோதனைச்சாலைச் சிப்பந்தியிடம் காபிக் காசை நீட்டினால் போதும், உப்பின் பெயர் காதில் விழுந்துவிடும். பிறகு விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, செய்யாத சோதனைகளையெல்லாம் செய்ததாக நோட்டில் எழுதுவோம். எங்கள் வாத்தியாருக்கும் இது தெரியும். அவரும் அப்படித்தான் தேறியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

யூஸ்டஸ் லீபிக் என்ற ஜெர்மன் ரசாயனியின் கதையைப் படித்தபோது அந்த உப்பு ஞாபகத்துக்கு வந்தது.

லீபிக் 1803ல் டார்ம்ஷ்டாட் நகரில் பிறந்தவர். தகப்பனாருக்கு மருந்துச் சரக்கும் சாயமும் விற்கிற தொழில். பையன் காஸ்ட்னர் என்ற பேராசிரியரை நம்பி, பான் நகரத்திலிருந்து எர்லாங்கன் வரை அவர் பின்னாலேயே போனான். தாதுப் பொருள்களைப் பகுத்துப் பார்க்கக் கற்றுத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். கடைசியில் பார்த்தால் அவருக்கே அது தெரியாது! வயதான பிறகும் லீபிக் இந்த ஏமாற்றத்தை மறக்கவில்லை. தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

1822ல் பாரிஸுக்குப் போனார். அங்கே அலெக்ஸாண்டர் ஹம்போல்டின் சிபாரிசின்பேரில், கே-லூஸாக் என்ற பெரிய விஞ்ஞானி தமது சொந்தப் பரிசோதனைச்சாலையிலேயே அவருக்கு இடம் கொடுத்தார். பிரசங்கம் கேட்டுக் குறிப்பெடுக்கிற படிப்பல்ல அது. இருவரும் ஒரே மேஜையில் வேலை செய்தார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டால் குருவும் சிஷ்யனும் மேஜையைச் சுற்றி நடனமாடுவார்களாம். எங்கள் வாத்தியாரை அந்தக் கோலத்தில் கற்பனை செய்து பார்த்தேன், முடியவில்லை.

1824ல், 21 வயதில், கீஸென் சர்வகலாசாலையில் லீபிக் ஆசிரியரானார். தங்களைக் கேட்காமல் நியமித்துவிட்டார்கள் என்று அங்கிருந்த பெரியவர்களுக்குக் கோபம். மருந்து செய்வோருக்கு ஒரு பயிற்சிக்கூடம் வேண்டும் என்று அவர் கேட்டபோது, சர்க்கார் உத்தியோகஸ்தர்களைத் தயாரிப்பதே சர்வகலாசாலையின் வேலை, மருந்துக் கடைக்காரர்களை அல்ல என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே பயிற்சிக்கூடம் அவருடைய சொந்தப் பொறுப்பில்தான் தொடங்கியது. இடம், பட்டாளத்தார் காலி செய்துவிட்டுப் போன ஒரு காவல்கூடம்.

அங்கே பாடம் நடந்த விதம்தான் விசேஷம். புதிதாக வந்தவர்கள் முதலில் பெயர் தெரியாத பொருள்களைச் சோதித்துப் பழக வேண்டும். எங்கள் உப்பேதான்! ஆனால் அது ஆரம்பப் படி. தேறியவர்களுக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுவார். ஒவ்வொருவரும் காலையில் வந்து, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். சரி என்பார், அல்லது ஆட்சேபிப்பார். வழியை மாணவனே தேடிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் கூட்டிப் பெருக்க வருகிற ஔபெல் என்ற சிப்பந்தி, இவர்களை வெளியே கிளப்ப முடியவில்லையே என்று அலுத்துக்கொள்வாராம். சிப்பந்திக்குச் சிப்பந்தி எத்தனை வித்தியாசம்!

1831ல் லீபிக் ஐந்து குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் கருவி செய்தார். ஒரு பொருளில் எவ்வளவு கரி இருக்கிறது என்று கணக்கிட மகா நிபுணர்களே திணறிய காலம் அது. இந்தக் கருவி வந்தபின், பழகிய மாணவனும் அதைச் செய்ய முடிந்தது. வெறும் உபதேசத்தால் ஆராய்ச்சி பரவியிருக்காது என்பது என் அபிப்பிராயம். இந்தக் குமிழ்களுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

இங்கிலாந்திலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்தார்கள். கட்டடக் கலை படிக்க வந்த கெக்குலே, லீபிக்கின் வகுப்பைக் கேட்டுவிட்டு ரசாயனத்துக்குத் தாவினார். திரும்பிப் போனவர்கள் பல ஊர்களில் ஆசிரியர்களாகி, தாங்கள் கற்ற மாதிரியே கற்பித்தார்கள். உதவியாளராக இருந்த ஹோஃப்மன் 1845ல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய ரசாயனக் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். அவருடைய மாணவன் பெர்கின், 18 வயதுப் பையன், 1856ல் ஈஸ்டர் விடுமுறையில் வீட்டில் கொயினா செய்யப் பார்த்து, ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். விடுமுறையில், வீட்டில்! பரீட்சைக்காக அல்ல.

அதற்கு முன்பே, 1852ல், லீபிக்கை ம்யூனிக்குக்கு அழைத்தார்கள். வருகிறேன், ஆனால் பரிசோதனைச்சாலையில் மாணவர்களைப் பழக்கும் வேலை மட்டும் எனக்கு வேண்டாம் என்று நிபந்தனை போட்டார். ஒப்புக்கொண்டார்கள். அப்போது அவருக்கு 49 வயது.