நிச்சயித்த பெண்ணா, மனைவியா?

“கல்யாணத்தப் பண்ணிட்டுப் போறதுன்னா போ. இல்லன்னா இங்கயே இரு.” அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவளுக்கு அது மானப் பிரச்சினை. எனக்கும் அவனுக்கும் அது விசாப் பிரச்சினை. அவன் லீட்ஸ்காரன், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். நான் மதுரை.

அங்கே போய்ச் சேர்ந்து வாழ எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது ஃபியான்சே விசா. ஆறு மாதம் தருவார்கள், அதற்குள் அங்கே திருமணம் செய்துகொள்ள வேண்டும், அதுவரை வேலை பார்க்கக் கூடாது. திருமணமானதும் மறுபடி ஒரு விண்ணப்பம், மறுபடி ஒரு கட்டணம். இரண்டாவது, இங்கேயே திருமணத்தைப் பதிவு செய்துவிட்டு மனைவியாகப் போவது. 33 மாத விசா, போய் இறங்கியதும் வேலை தேடலாம். ஆனால் 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, மணமாகாத இணையராகப் போவது. அதற்கு இரண்டு வருட உறவுக்குச் சான்று வேண்டும். எங்களிடம் இருந்தது பதினாலு மாதம்.

மூன்றாவது வழி அதோடு முடிந்தது. மிச்சமிருந்த இரண்டையும் எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு செலவு, எத்தனை நாள், எத்தனை மாதம் சம்பளமில்லாமல் இருக்க வேண்டும் என்று. ஃபியான்சே விசா பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1979-க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த வருடம் ஜனவரி 24 அன்று, 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அங்கே அவருக்கு நிச்சயிக்கப்பட்டவர் காத்திருந்தார். அன்றைய விதிப்படி, மூன்று மாதத்துக்குள் மணமுடிக்க வரும் பெண்ணுக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை. மனைவியாக வருபவருக்கோ ஊரிலேயே நுழைவுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். நம் துணைக்கண்டத்தில் அதற்கான வரிசை மிக நீளம். அதனால் ஏற்கெனவே மணமானவர்கள்தான் நிச்சயித்த பெண் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்பது அதிகாரிகளின் சந்தேகம்.

சந்தேகத்தைத் தீர்க்க அவர்கள் கண்டுபிடித்த வழி கன்னித்தன்மைச் சோதனை. இந்தியப் பெண் திருமணத்துக்கு முன் கன்னியாகத்தான் இருப்பாள், இல்லையென்றால் அவள் மனைவி. அவ்வளவுதான் அவர்களுடைய தர்க்கம். பெண் மருத்துவர் வேண்டும் என்று அந்த ஆசிரியை கேட்டும் ஆண் மருத்துவர்தான் சோதித்தார். அதன் பிறகே அவரை உள்ளே விட்டார்கள்.

பிப்ரவரி 1 அன்று கார்டியன் நாளிதழ் இதை வெளியிட்டது. இந்தியாவில் கொந்தளிப்பு. ஆவாஸ் போன்ற ஆசியப் பெண்கள் அமைப்புகள் ஹீத்ரோவிலேயே போராடின. உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் அந்தச் சோதனையை நிறுத்தச் சொன்னார். ஏதோ ஒருமுறை நடந்த தவறு என்பதுபோல விஷயம் அடங்கியது. 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் பழைய அரசுக் கோப்புகளைத் தோண்டியபோதுதான், துணைக்கண்டத்தில் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் குறைந்தது 80 பெண்களுக்கு இதே சோதனை நடந்திருப்பது தெரியவந்தது.

இதைப் படித்த பிறகு என் எக்செல் ஷீட்டை அன்றைக்கு மறுபடி திறக்க முடியவில்லை. அந்த ஆசிரியை முன்னால் இருந்ததும் இதே இரண்டு வழிகள்தான். மனைவியாகப் போவதா, நிச்சயித்த பெண்ணாகப் போவதா. அவர் விதியில் இருந்த ஒரு வழியில் போனார். போன ஒரே காரணத்துக்காகச் சந்தேகப்பட்டார்கள்.

அடுத்து வந்த காலத்தில் சந்தேகம் மாப்பிள்ளைகள் பக்கம் திரும்பியது. 1980-இல் வந்த ‘முதன்மை நோக்க’ விதிப்படி, பிரிட்டனில் குடியேறுவது தன் திருமணத்தின் முக்கிய நோக்கமல்ல என்று வெளிநாட்டுக் கணவன் நிரூபிக்க வேண்டும். இல்லாத நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? “மனைவி அங்கதான இருக்கா, நானும் அங்கதான இருக்கணும்” என்று வெள்ளந்தியாகப் பதில் சொன்னால் அதுவே எதிராகத் திரும்பும்.

கணவர்களை அழைத்துக்கொள்ள முடியாமல் தவித்த மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். நர்கிஸ் அப்துல்அஜீஸ், ஆர்செலி கபாலெஸ், சொஹைர் பால்கந்தாலி. குடியேறிய ஆண்கள் மனைவியை எளிதாகக் கூட்டிவரலாம், பெண்கள் கணவனைக் கூட்டிவர முடியாது, இது பால் பாகுபாடு என்று 1985 மே மாதம் தீர்ப்பானது. வென்றார்கள். அரசு என்ன செய்தது? கணவர்களுக்குக் கதவைத் திறப்பதற்குப் பதிலாக, அதே கெடுபிடியை மனைவிகளுக்கும் நீட்டித்துச் சமத்துவம் என்றது. முதன்மை நோக்க விதி 1997-இல்தான் ஒழிந்தது.

எனக்குப் பிடித்த வழக்கு சுரிந்தர் சிங்குடையது. இந்தியரான அவர் 1982-இல் பிராட்ஃபோர்டில் ஒரு பிரிட்டிஷ் பெண்ணை மணந்தார். இருவரும் ஜெர்மனி போய் வேலை பார்த்துவிட்டு 1985-இல் திரும்பினார்கள். வேறொரு ஐரோப்பிய நாட்டில் வேலை பார்த்துத் திரும்பும் குடிமகளுக்கு, தன் கணவனோடு சொந்த நாட்டுக்குள் வரும் உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1992-இல் சொன்னது. அதற்குள் அந்தத் திருமணமே முறிந்துவிட்டது. ஆனால் ‘சுரிந்தர் சிங் வழி’ என்ற பெயரில் எத்தனையோ ஜோடிகள் அயர்லாந்து, ஜெர்மனி என்று சுற்றிக்கொண்டு பிரிட்டனுக்குள் வந்தார்கள். பிரெக்ஸிட் அதையும் 2022 மார்ச்சில் மூடிவிட்டது.

இப்போது உடம்பைச் சோதிப்பதில்லை, சம்பளத்தைச் சோதிக்கிறார்கள். வெளிநாட்டுத் துணையை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு இருக்க வேண்டும் என்று 2012-இல் விதி வந்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. அவனுடைய சம்பளம் 31,000. வேலை போய்விட்டாலோ, நேரத்தைக் குறைத்துவிட்டாலோ நாங்கள் காலி. “ஆறு மாசத்துக்கு உடம்பு சரியில்லாமப் போயிடாத” என்று போனில் சொன்னேன். சிரித்தான். நான் பாதி நிஜமாகத்தான் சொன்னேன்.

கடைசியில் மனைவியாகவே போவது என்று முடிவெடுத்தேன். ஒரே கட்டணம், உடனே வேலை. அம்மா தன் பேச்சு வென்றதாக நினைத்துக்கொண்டாள், இருக்கட்டும். அவன் இரண்டு முறை லீவு போட்டு வந்தான். எங்கள் நோட்டீஸ் பதிவு அலுவலகச் சுவரில் 30 நாள் தொங்கியது.

அந்த நாட்களில்தான் உறவு உண்மையானது என்பதற்கான ஆதாரங்களைச் சேர்த்தேன். விமான டிக்கெட்டுகள், போட்டோக்கள், பதினாலு மாத வாட்ஸ்ஆப் பேச்சு. முகம் தெரியாத அதிகாரியின் கண்ணால் எங்கள் செய்திகளை நானே படித்தேன். கொஞ்சல்கள் எல்லாம் நடிப்புபோலத் தெரிந்தன. எந்த ஊரில் வாழ்வது என்று மூன்று நாள் விடாமல் போட்ட சண்டைதான் நம்பும்படி இருந்தது. அதையும் பிரின்ட் எடுத்து வைத்தேன்.

ஒரு ராத்திரி அம்மாவிடம் ஹீத்ரோ கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “அந்த டீச்சர் என்னத்தச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதிவுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். முதல் கையெழுத்தை அம்மா போட்டாள்.